சுட்டால் நில்

நான் யார் காலிலும் விழாதவள்.
கல்யாணத்தன்றுகூடக் குனிவதுபோல் குனிந்து
நிமிர்ந்துவிட்டேன்.
டுவெல்லிங்அப்பிலிருந்து காலிக்கு நடந்த ஆறு நாளில்
மணிக்கொரு தரம்
என் காலிலேயே விழுந்தேன்.

ட்ரூடியிடம் சட்டம் ஒன்றுதான்:
சுட்டால் நில்.
வலிக்கும்வரை காத்திராதே.
வலிக்கையில் தோல் கழன்று நீர் கோத்திருக்கும்.
அதற்கு முன்னால் ஓர் அரைமணி நேரம்
வெறும் சூடு மட்டும் இருக்கும்,
இஸ்திரிப் பெட்டி நகர்ந்துபோன துணியில் இருப்பதுபோல.
அந்த அரைமணிதான் உன்னுடையது.

பெர்த்தில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில்
எங்கள் இருவருக்கும் ஒரே ஷிஃப்ட்.
அவள்தான் கடைக்கு அழைத்துப்போனாள்,
பாதம் வீங்கிய சாயங்கால நேரமாகப் பார்த்து.
செருப்புக்காகக் காலை வெட்டாதே என்று
எங்களிடம் பழமொழியே உண்டு, ட்ரூடி.
நல்ல பழமொழி,
அரை அளவு பெரிதாக எடு.

ஜாரா மரங்களுக்கடியில்
பட்டாணிச் சரளை உருள்கிறது.
குதிகால் ஓரிடம் நினைக்க
விரல்கள் வேறிடம் போகின்றன.
இறக்கத்துக்கு ஒரு முடிச்சு, ஏற்றத்துக்கு ஒரு முடிச்சு.
மதியம் இருவரும் காலுறை கழற்றி
முதுகுப்பைமேல் காயப்போட்டு
நான்கு பாதங்களையும் வெயிலுக்குக் காட்டிக்கொண்டு
ரொட்டி தின்றோம்.
கறுப்புக் காக்கட்டூக்கள் மேலிருந்து
கொட்டைகளைக் கடித்துப் போட்டன.

இரண்டாம் நாள் ஓடை. முழங்கால்வரை நீர்.
ஈரத்தோடு நடப்பது கடன் வாங்கி நடப்பது
என்று எனக்கே தோன்றியது, நின்று மாற்றினேன்.

மூன்றாம் நாள் வலது காலில்
இரண்டாம் விரலுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே
சுட்டது.
ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டேன்.
மஞ்சள் முக்கோணக் குறிகள் ஒன்பது கடந்தேன்,
ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை.
பின்னால் வந்த ட்ரூடி சொன்னாள்:
உன் காலடிச் சத்தம் மாறிவிட்டது.

விழுந்த மரத்தில் உட்கார்ந்து அவிழ்த்தேன்.
இது என்ன, மோதிரமா?
மெட்டி.
கழற்ற வராதா?
கழற்றுவதில்லை.
யார் சொன்னது?

யோசித்தேன்.
சிவநேசன் சொன்னதில்லை.
ரயில் பணிமனையில் இயந்திரம் பிடித்திழுக்கும் என்று
கல்யாண மோதிரத்தை முதல் வாரமே
சோப்புப் பெட்டியில் வைத்தவர் அவர்.
அதற்கு வீட்டில் யாரும்
எந்தப் பெயரும் வைக்கவில்லை.

இருபத்திரண்டு வருடம்.
வாசலின் தடவித் திருகியபோது
விரலெலும்பில் கொஞ்சம் முரண்டு பிடித்து
வந்துவிட்டது.
வெள்ளிக்கு அடியில் வெளுத்த ஒரு வளையம்,
அதன் ஓரத்தில் சிவப்பு. இன்னும் நீர் கோக்கவில்லை.
டேப்பின் முனையை வட்டமாக வெட்டு, என்றாள்,
கூர்முனை சுருண்டு உள்ளே போகும்.
வட்டமாக வெட்டினேன்.

இடது கால் சுடவில்லை.
எழுந்து பத்தடி நடந்தவள்
திரும்பி வந்து உட்கார்ந்து
அதையும் கழற்றினேன்.
சுடுவதற்கு முன்னால் என்றால்
இன்னும் நல்லதுதானே.

அன்றிரவு குடிலில் இருந்த பதிவேட்டில்
பெயர், புறப்பட்ட ஊர், போகும் ஊர் எல்லாம் நிரப்பி
குறிப்பு என்ற கட்டத்தில் தமிழில் எழுதினேன்:
பாம்பு இல்லை. கொப்புளம் இல்லை.
தண்ணீர்த் தொட்டியில் தவளை உண்டு.

காலியில் காரோடு நின்றிருந்தார் சிவநேசன்.
கொப்புளம்? என்றார்.
இல்லை என்றேன்.
முதுகுப்பையை வாங்கித் தூக்கினார்.
ஜிப்பில் கோத்திருந்தவை இரண்டும்
தகரக் குவளையில் மோதின.
என்னவோ கிணுகிணு என்கிறதே, என்றார்,
டிக்கியைத் திறந்துகொண்டே.